கால் வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை: ‘பெண்களுக்குப் பக்கவிளைவு இரண்டு மடங்கு’ என்ற வாசகத்தைப் பற்றி

தீபாவளிக்குத் திருக்கோவிலூர் போயிருந்தபோது அம்மாவின் கொலுசு பீரோவில் கிடப்பதைப் பார்த்தேன். “ஏம்மா கழட்டிட்ட?” என்றதற்கு, “காலு வீங்கி இறுக்குதுடி, அதான்” என்றார். சாயங்காலம் ஆனால் கணுக்கால் எலும்பே தெரியவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. தெருவில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். உப்பு, வயசு, நாள் முழுக்க நின்னுகிட்டே வேலை, “நீர் கோத்துக்கிச்சு, பார்லி கஞ்சி வெச்சுக் குடி”. மாத்திரையாக இருக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மா வழக்கமாகக் காட்டும் கிளினிக்கில் வீக்கத்துக்கு என்று ஒரு நீர் மாத்திரை கூடுதலாக எழுதியிருந்தார்கள். அதைப் போட்டால் அரை மணிக்கொரு தரம் எழுந்து போக வேண்டியிருக்கிறது. அதனால் விழுப்புரம் பஸ் ஏறும் நாளில் அதைப் போடுவதில்லை.

மூன்றாம் நாள்தான் முழு விஷயமும் வெளியே வந்தது. அம்மா பிபி மாத்திரையையே வாரத்தில் மூன்று நாள் விட்டுவிடுகிறார். “இதப் போட்டாத்தான் வீங்குது, எனக்குத் தெரியாதா?”

“டாக்டர்கிட்ட சொன்னியாம்மா?”

“சொன்னா இன்னொரு மாத்திர எழுதுவாங்க.”

அம்மா சொன்ன இரண்டுமே சரி. அந்த மாத்திரை அம்லோடிபின், 10 மி.கி. இந்தியாவில் ரத்த அழுத்தத்துக்கு மிக அதிகமாக எழுதப்படும் மருந்துகளில் ஒன்று. விலை மலிவு, நம்பகமானது, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். கால் வீக்கம் அதன் மிகப் பழைய, எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு. அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் அது எட்டு மாதம் ‘வயசு’ என்ற பெயரில் இருந்திருக்கிறது.

அன்று இரவு உட்கார்ந்து தேடியதில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒரே வாசகம்: “பெண்களுக்கு மருந்துப் பக்கவிளைவு ஆண்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, காரணம், மருந்துகள் ஆண் உடலில் சோதிக்கப்பட்டவை.” அம்மாவின் காலைப் பார்த்த பிறகு இதை அப்படியே நம்பத்தான் தோன்றியது. ஆனால் நமக்குச் சாதகமான வாசகத்தைத்தான் முதலில் உரைத்துப் பார்க்க வேண்டும். அந்த உரைத்துப் பார்த்தலின் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

ஒரே அட்டவணை, மூன்று பதில்

அம்மாவின் மாத்திரையிலிருந்தே தொடங்கலாம். அம்லோடிபினின் அமெரிக்க மருந்துக் குறிப்பில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. வீக்கம் வந்தவர்கள்: மருந்து எடுத்த ஆண்களில் 5.6 சதவீதம், பெண்களில் 14.6 சதவீதம். இரண்டரை மடங்குக்கும் மேல். வாட்ஸ்அப்பில் அனுப்ப இது போதும்.

ஆனால் அதே அட்டவணையில் பக்கத்துப் பத்தியில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களின் கணக்கும் உண்டு. அதிலும் வீக்கம் வந்திருக்கிறது. ஆண்களில் 1.4, பெண்களில் 5.1 சதவீதம். அதாவது மருந்து எதுவும் இல்லாமலே பெண்களின் கால் கூடுதலாக வீங்குகிறது. இதைக் கழித்துப் பார்த்தால் மருந்தால் கூடியது ஆண்களில் 4.2, பெண்களில் 9.5. இப்போது இரண்டே கால் மடங்கு. கழிக்காமல் வகுத்துப் பார்த்தால் கதையே மாறுகிறது. ஆண்களில் வீக்கத்தை மருந்து நான்கு மடங்காக்கியது, பெண்களில் மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவாக. இந்தக் கணக்கில் மருந்து ஆண்களைத்தான் அதிகம் பாதிக்கிறது!

மூன்றுமே தவறில்லாத கணக்குதான். எதை எடுப்பது என்பது கேள்வியைப் பொறுத்தது. மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்பவருக்கு வகுத்தல் தேவைப்படலாம். என் அம்மாவுக்குத் தேவை கழித்தல். இந்த மாத்திரை போடும் நூறு பெண்களில் கூடுதலாக எத்தனை பேருக்குக் கால் வீங்கும் என்றால், ஒன்பது பத்துப் பேருக்கு. ஆண்களில் நான்கு பேருக்கு. இந்த வித்தியாசம் சிறியதல்ல. ‘இரண்டு மடங்கு’ வாசகம் இங்கே பிழைத்துக்கொள்கிறது, ஆனால் எந்தக் கணக்கில் என்று சொன்னால்தான்.

இன்னொன்றும் இந்த அட்டவணையில் இருக்கிறது. மருந்து எடுத்தவர்களில் ஆண்கள் 1,218, பெண்கள் 512. பத்தில் ஏழு பேர் ஆண்கள். ‘ஆண் உடலில் சோதிக்கப்பட்டது’ என்ற புகாருக்கு இது ஒரு சாட்சி. அதே சமயம், 512 பெண்களை வைத்தே வித்தியாசம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது, அச்சிலும் ஏறியிருக்கிறது. ஆகவே இந்த மருந்தைப் பொறுத்தவரை ‘யாரும் ஆராயவில்லை’ என்று சொல்ல முடியாது. ஆராய்ந்து அச்சிட்டது திருக்கோவிலூர் வரை வந்து சேரவில்லை என்பதுதான் குறை. அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து.

2020 கட்டுரை எதைக் காட்டியது?

இரண்டு மடங்கு வாசகத்தின் இப்போதைய ஆதாரமாகப் பலரும் காட்டுவது இர்விங் சக்கர், பிரையன் பிரெண்டர்காஸ்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரை. அவர்கள் 86 மருந்துகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 76 மருந்துகள், ஒரே அளவு கொடுத்தாலும், பெண்களின் ரத்தத்தில் கூடுதல் அளவிலோ கூடுதல் நேரமோ தங்குகின்றன. பக்கவிளைவுத் தகவல் கிடைத்த 59 மருந்துகளில், யார் ரத்தத்தில் கூடுதலாக இருக்கிறதோ அவர்களுக்கே பக்கவிளைவும் கூடுதல் என்ற கணிப்பு 88 சதவீதம் பொருந்தியது. அவர்களின் முடிவு: பெண்கள் பலருக்குத் தேவைக்கு மேல் மருந்து போகிறது.

நல்ல உழைப்பு, கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு இதில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, இது வேறுபாட்டைப் பற்றிப் பேசும் கட்டுரைகளைத் தேடித் தொகுத்த பட்டியல். எல்லா மருந்துகளிலிருந்தும் சீட்டுக் குலுக்கி எடுத்ததல்ல. வித்தியாசம் எதுவும் காணாத ஆய்வை யாரும் தலைப்புப் போட்டு வெளியிடுவதில்லை. எனவே 86இல் 76 என்பதை ‘மருந்துகளில் பத்துக்கு ஒன்பது’ என்று படிக்கக் கூடாது.

இரண்டாவது, ரத்தத்தில் கூடுதலாக இருப்பதற்குப் பாதி நேரம் காரணம் எடையாக இருக்கலாம். 75 கிலோ ஆளும் 45 கிலோ ஆளும் அதே மாத்திரையைப் போட்டால் யாருக்குக் கூடுதல் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. இந்த இடம் நமக்கு முக்கியம். எங்கள் பக்கம் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 45 கிலோ என்பது சாதாரணம். கூட வெட்டும் ஆண்களும் ஐம்பதைச் சுற்றித்தான். அவருக்கும் அதே 10 மி.கி.தான் போகிறது. எடையால் வரும் பிரச்சினைக்குப் பெண் என்று பெயர் வைத்தால், அந்த ஒல்லி ஆண் கணக்கிலேயே வராமல் போவார். 80 கிலோ பெண்ணுக்கு மருந்து குறைவாகப் போகும். எடை மெஷின் எல்லா கிளினிக்கிலும் இருக்கிறது. சீட்டில் எழுதப்படும் அளவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதுதான் அபூர்வம்.

இதே விஷயத்தில் எல்லோரும் காட்டும் இன்னொரு உதாரணம் தூக்க மாத்திரை சோல்பிடெம். 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 21 ஆண்டு கழித்து, 2013 ஜனவரியில், பெண்களுக்கான அளவை 10 மி.கி.யிலிருந்து 5ஆக எஃப்.டி.ஏ. பாதியாக்கியது. இரவு போட்ட மாத்திரை எட்டு மணி நேரம் கழித்தும் வண்டி ஓட்ட முடியாத அளவுக்கு ரத்தத்தில் இருந்தது பெண்களில் 15 சதவீதத்தினரிடம், ஆண்களில் 3 சதவீதத்தினரிடம். இது அசைக்க முடியாத சான்று போலத் தெரிகிறது. ஆனால் 2014இல் அதே மருந்தை ஆராய்ந்த ஐரோப்பிய மருந்து முகமை, பெண்களுக்குத் தனி அளவு வைக்கச் சான்று போதாது என்று முடிவெடுத்தது. ரத்தத்தில் கூடுதலாக இருப்பதும் அதனால் விபத்து கூடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் காட்டும் தரவு போதவில்லை என்பது அவர்கள் பக்கம். இரண்டு நேர்மையான அமைப்புகள் ஒரே மருந்தில் இரண்டு முடிவுக்கு வந்திருக்கின்றன. சோல்பிடெமை எடுத்துக்காட்டாக வைப்பவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

சந்தேகமே இல்லாத இடம்

அப்படியானால் எல்லாம் எடைதானா? இல்லை. இதயத் துடிப்பில் வரும் வித்தியாசம் எடையால் வருவதல்ல. ஈசிஜியில் க்யூடி என்று ஒரு இடைவெளி உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்சார அளவில் மறுபடி தயாராக எடுக்கும் நேரத்தைச் சேர்த்துக் காட்டுவது அது. சின்ன வயதில் ஆண் பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமம். பருவத்துக்குப் பிறகு ஆண்களுக்கு அது சுருங்குகிறது, ஆண் ஹார்மோனுக்கு அதில் பங்குண்டு. பெண்களுக்கு நீளமாகவே நிற்கிறது. அதை மேலும் நீட்டும் மருந்து உள்ளே போனால் துடிப்பு தாறுமாறாகி உயிர்கூடப் போகலாம். மருந்தால் வரும் இந்த வகைத் துடிப்புக் கோளாறில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் பெண்கள்.

2001இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. ஒரு அறிக்கை கொடுத்தது. 1997க்குப் பிறகு அங்கே சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட 10 மருந்துகளில் 8 பெண்களுக்குக் கூடுதல் ஆபத்து விளைவித்தவை. இந்த ‘பத்தில் எட்டு’ உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அறிக்கையிலேயே இருந்த அடுத்த வரி சுற்றவில்லை. எட்டில் நான்கைப் பெண்கள்தான் அதிகம் வாங்கினார்கள், பாதிப்பு கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மற்ற நான்கை இருபாலரும் பரவலாக எடுத்தார்கள், அப்படியும் பாதிப்பு பெண்களுக்கே கூடியது. நியாயமான கணக்கு பத்தில் நான்கு. அதுவே போதுமான அளவு மோசம்தான், எட்டாக ஊத வேண்டியதில்லை.

அந்த நான்கில் மூன்று இங்கேயும் விற்றவை. டெர்ஃபெனடின், அஸ்டெமிசோல் இரண்டும் அலர்ஜிக்கு, சிசாப்ரைட் நெஞ்செரிச்சலுக்கு. மூன்றும் க்யூடியை நீட்டுபவை. அமெரிக்காவில் இவை முறையே 1998, 1999, 2000 ஆண்டுகளில் நின்றன. இந்தியாவில் முதல் இரண்டும் 2003இல் தடை செய்யப்பட்டன. சிசாப்ரைட் தடையானது 2011 பிப்ரவரியில். பதினோரு ஆண்டு இடைவெளி! அந்த ஆண்டுகளில் இங்கே எத்தனை பெண்கள் மயங்கி விழுந்தார்கள், அதை ‘மாரடைப்பு’ என்று எழுதி முடித்தார்களா என்பதை இனி யாராலும் எண்ண முடியாது.

இது பழங்கதை இல்லை. மெடிக்கல் ஷாப்பில் “ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்க” என்று வாங்குகிறோமே, அந்த செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வாந்திக்கும் வாயுவுக்கும் கொடுக்கும் டோம்பெரிடோன், சளிக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின் இரண்டுமே க்யூடியை நீட்டக்கூடியவை. டோம்பெரிடோனை ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பாவில் 2014இல் கட்டுப்பாடு வந்தது. இங்கே வாயு மாத்திரையோடு சேர்த்து மாதக்கணக்கில் போடுபவர்களை எல்லோருக்கும் தெரியும். பெண், வயது அறுபதுக்கு மேல், நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்றால் ஒவ்வொன்றும் ஆபத்தை ஒரு படி ஏற்றும். என் அம்மாவுக்கு எழுதப்பட்ட நீர் மாத்திரை இந்த இடத்தில் வந்து சேர்கிறது.

நாம் சண்டை போட்ட விதம்

நம் நாட்டிலேயே நடந்த ஒரு விவாதத்தையும் பார்க்கலாம். 2013 ஜூனில் சர்க்கரை நோய் மருந்து பியோகிளிட்டசோனை மத்திய அரசு நிறுத்திவைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம் என்ற அச்சம். மருத்துவர்கள் எதிர்த்தார்கள், மலிவான மருந்தைப் பறிக்காதீர்கள் என்றார்கள். ஜூலை முடிவில் எச்சரிக்கையோடு மறுபடி அனுமதித்தார்கள். அந்த எச்சரிக்கையின் மையம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். பொதுவாகவே ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் அது.

அதே மருந்தின் இன்னொரு விளைவு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. பெரிய ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், இதை எடுத்த பெண்களில் 5.1 சதவீதத்தினருக்கு எலும்பு முறிந்தது. வெற்று மாத்திரை எடுத்த பெண்களில் 2.5. ஆண்களில் அந்த வித்தியாசமே இல்லை, 1.7க்கு 2.1. அந்த இரண்டு மாதமும் நாட்டில் நடந்த கூச்சலைத் திரும்பிப் பார்த்தால், இந்த எலும்பு முறிவைப் பற்றிய பேச்சைத் தேடித்தான் எடுக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண் கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தால் நாம் மாத்திரை டப்பாவைப் பார்ப்போமா? “வயசாயிடுச்சு, பாத்து நடக்கக் கூடாதா” என்போம். பெண்களுக்கு வரும் பக்கவிளைவுக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் தயாராக இருக்கிறது. என் முக்கியமான புகார் இதுதான்.

கேட்பது யார்?

ஹார்வர்டின் சாரா ரிச்சர்ட்சன் குழு இந்த இரண்டு மடங்கு வாசகத்தை வேறு பக்கத்திலிருந்து விமர்சிக்கிறது. பக்கவிளைவுப் பதிவுகளில் பெண்கள் கூடுதலாக இருப்பதற்கு உடல் மட்டும் காரணமல்ல. யார் அதிகம் மருந்து எடுக்கிறார்கள், யார் டாக்டரிடம் போகிறார்கள், யார் புகார் சொல்கிறார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது என்கிறார்கள். அமெரிக்காவுக்கு இது சரி. நம் பக்கம் இதே வாதத்தைத் திருப்பிப் போட வேண்டும். இங்கே பெண் கடைசியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாள். இந்திய மருத்துவக் கல்லூரிகளின் பக்கவிளைவுக் கணக்குகளில் சிலவற்றில் பெண்கள் கூடுதல், சிலவற்றில் ஆண்கள் கூடுதல். அது உடலை அளந்த கணக்கா, வாசல் வரை வந்தவர்களை அளந்த கணக்கா? கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு பெண், கால் வீக்கத்தைச் சொல்ல ஒரு நாள் கூலியை விட்டுக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏற வேண்டும். ஏற மாட்டார். மாத்திரையை நிறுத்திவிடுவார். பதிவேட்டில் அது ‘பக்கவிளைவு’ என்று ஏறாது, ‘சரியாக மருந்து எடுக்காதவர்’ என்று ஏறும்.

இதை மாற்ற பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இந்த நாட்டில் இவ்வளவு வீடுகளுக்குள், பெண்களிடம் பெண்களே பேசும்படி போகும் வேறு மருத்துவ ஏற்பாடு எனக்குத் தெரிந்து குறைவு. அங்கே இரண்டு கேள்வி போதும். அம்லோடிபின் எடுப்பவரிடம் “கால் வீங்குதாக்கா?” எனலாபிரில் எடுப்பவரிடம் “வறட்டு இருமல் இருக்கா?” எனலாபிரில் இருமலும் பெண்களுக்கே கூடுதல். இரண்டு வாரம் இருமினால் சளிப் பரிசோதனை என்பது நம் ஊர் விதி. அந்தப் பரிசோதனை கட்டாயம் நடக்கட்டும், ஆனால் மாத்திரைச் சீட்டையும் சேர்த்துப் பார்த்தால் பலருடைய அலைச்சல் மிச்சமாகும்.

பக்கவிளைவைப் பதிவு செய்ய 2010லிருந்து நாட்டில் ஒரு திட்டமே இருக்கிறது. நோயாளியே நிரப்ப தமிழிலும் படிவம் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். ஆனால் தன் கால் வீக்கம் ஒரு ‘தகவல்’ என்று அந்தப் பெண்ணுக்கு முதலில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவின் கால்

ஊரிலிருந்து கிளம்பும் முன் அம்மாவை வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். கால் வீக்கம் இதயம், சிறுநீரகம், ஈரல் எதனாலும் வரலாம் என்பதால் அவர் முதலில் ரத்தம், சிறுநீர், ஈசிஜி பார்த்தார். அது சரியான வரிசை. மாத்திரைதான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு போனது தவறு, நல்ல வேளையாக அது மெய்யானது. அம்லோடிபினை 5ஆகக் குறைத்து, வேறு வகை பிபி மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். நீர் மாத்திரையை நிறுத்தினார். அம்லோடிபின் வீக்கம் உடம்பில் உப்பும் நீரும் தேங்குவதால் வருவதல்ல, நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிவதால் வருவது, அதனால் நீர் மாத்திரைக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை என்று விளக்கினார். 5 மி.கி.யில் வீக்கம் 3 சதவீதம், 10இல் 10.8 என்று மருந்துக் குறிப்பிலேயே இருப்பதை நான் படித்திருந்தேன். அவர் அது எதையும் சொல்லவில்லை, கையை வைத்துப் பார்த்தார், அம்மாவிடம் நேராகக் கேட்டார்: “எத்தனை நாள் மாத்திரை போடாம விட்டீங்க?” அம்மா என்னைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

பக்கவிளைவுக்கு மாத்திரை, அந்த மாத்திரைக்கு இன்னொரு மாத்திரை என்று இப்படிப் படியிறங்குவது கனடாவிலும் நடக்கிறது. ஒன்டாரியோ மாகாண முதியவர்களை வைத்து 2020இல் வந்த ஆய்வில், இந்த வகை பிபி மருந்து தொடங்கியவர்களுக்கு அடுத்த மூன்று மாதத்துக்குள் நீர் மாத்திரை எழுதப்படுவது மற்ற பிபி மருந்துக்காரர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆகவே இது நம் ஊர் டாக்டர்களின் தனிக் குற்றமல்ல. அவசரமாக ஓடும் எல்லா ஓ.பி.யிலும் நடப்பது.

இரண்டு மடங்கு என்ற வாசகத்தை நான் இனி அப்படியே பகிரப் போவதில்லை. அதற்குப் பதில் மூன்று கேள்வியாகப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். இது எடையால் வருவதா? பெண் உடலுக்கே உரியதா? அல்லது யாரும் கேட்காததால் தெரியாமல் கிடப்பதா? முதலாவதற்கு எடை மெஷின், இரண்டாவதற்கு ஆய்வும் தனி எச்சரிக்கையும், மூன்றாவதற்குக் கேட்க ஒரு ஆள். ஒரே வாசகத்தில் மூன்றையும் போட்டுக் கலக்கினால் மூன்றுக்கும் வைத்தியம் நடக்காது.

இதைப் படிக்கும் யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். கால் வீக்கம் தொந்தரவு, ஆனால் பக்கவாதம் அதைவிடப் பெரிது. அம்மா வாரத்தில் மூன்று நாள் அந்த ஆபத்தோடுதான் இருந்திருக்கிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெண்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். எது எதற்கு என்று கேளுங்கள். எதைப் போடாமல் விடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள், அதைத்தான் அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. அம்மாவிடம் நேற்று போனில் கேட்டேன். வீக்கம் முக்கால்வாசி வற்றிவிட்டதாம். “மாத்திர தினம் போடுறேன்டி, நீ தினம் கேக்காத” என்றார்.